வாசகர் கேள்வி - பதில்: ஒரு பள்ளத்தாக்கும் ஐந்து கூடுகளும்

சென்ற இதழில் இசை நடத்துநர் ஜுபின் மேத்தா பற்றிய ஒரு பதிலில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ‘ஹாலிவுட் பவுல்’ திறந்தவெளி அரங்கைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்கள், மேத்தாவைப் பற்றி வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த அரங்குக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மதுரை வாசகர்: ஹாலிவுட் பவுல் என்பது கட்டடமா, மைதானமா? படங்களில் வெள்ளை வளைவு ஒன்று மட்டுமே தெரிகிறது.

இரண்டும் இல்லை. அடிப்படையில் அது ஒரு பள்ளத்தாக்கு. ஹாலிவுட் பகுதிக்கு வடக்கே, கவெங்கா கணவாயை ஒட்டிய குன்றுகளுக்கிடையே, ஒரு கிண்ணத்தைப் பாதியாக வெட்டி வைத்தாற்போல் இயற்கையாகவே குழிந்த நிலம் அது. நீங்கள் படங்களில் பார்த்த வெள்ளை வளைவு, கிண்ணத்தின் அடியில் உள்ள மேடையைக் கவிந்து நிற்கும் கூடு. அதை அங்குள்ளவர்கள் ‘ஷெல்’, அதாவது சிப்பி, என்கிறார்கள். மேடைக்கு எதிரே குன்றின் சரிவில் ஏறக்குறைய 17,500 பேர் அமரும் இருக்கைகள் படிப்படியாக மேலேறுகின்றன. பார்வையாளர்களின் தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறு கூரை கிடையாது. பவுல் என்றால் கிண்ணம்; கூட்டின் வடிவத்தைப் பார்த்து வந்த பெயர் இது என்று பலரும் நினைப்பதுண்டு, ஆனால் பெயர் நிலத்துக்கு உரியது. கூடு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தப் பெயர் வழங்கிவிட்டது.

கும்பகோணம் வாசகர்: இதைக் கட்டியவர் யார்? திரைப்பட நிறுவனங்களின் பணமா, அரசின் பணமா?

ஹாலிவுட் என்ற பெயரைக் கேட்டதும் படமுதலாளிகள் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இந்த அரங்கின் தொடக்கத்தில் முன்னால் நின்றவர்கள் இரண்டு பெண்கள். அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போயிருக்க வாய்ப்பில்லை என்பதுதான் கதையின் சுவை.

1916இல் ஷேக்ஸ்பியர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டி, ஹாலிவுட்டின் பீச்வுட் பள்ளத்தாக்கில் ஜூலியஸ் சீஸர் நாடகத்தைத் திறந்தவெளியில் பெரும் கூட்டத்தின் முன் நடத்தினார்கள். அந்த வெற்றி, நிரந்தரமான திறந்தவெளி அரங்கு ஒன்று வேண்டும் என்ற ஆசையை ஊரில் கிளப்பிவிட்டது. 1919இல் நாடகக் கலை ஆர்வலர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்காக இடம் தேடிப் புறப்பட்ட வில்லியம் ரீட், அவர் மகன் எல்லிஸ் ரீட் ஆகிய இருவரும், மக்கள் உல்லாசமாகச் சென்று உணவுண்டு வரும் ‘டெய்சி டெல்’ என்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் அடியில் நின்று பேச, மற்றவர் சரிவில் ஏறி நின்று கேட்டுப் பார்த்து, சொற்கள் தெளிவாக விழுகின்றன என்று உறுதி செய்துகொண்டதாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 59 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது.

நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டின் வெதரில் ஸ்டீவன்சன் என்ற செல்வந்தர். வண்ணப்பூச்சு நிறுவனக் குடும்பத்தின் வாரிசு. இங்கே சமய நாடகங்கள் நடக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். மற்றவர்களோ இசையும் பொதுக் கலைகளும் வேண்டும் என்றார்கள். கருத்து வேறுபாடு முற்றி அவர் விலகினார். விலகியவர் சும்மா இருக்காமல், கணவாயின் எதிர்ப்பக்கத்திலேயே 1920இல் இயேசுவின் வாழ்க்கை நாடகத்துக்கென்று தனி அரங்கு ஒன்றை எழுப்பினார். தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்ட அந்த அரங்கு, ஃபோர்டு அரங்கு என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஒரு பிணக்கினால் ஊருக்கு இரண்டு அரங்குகள் கிடைத்தன என்றால் மிகையில்லை.

இரண்டாமவர் ஆர்ட்டி மேசன் கார்ட்டர். பியானோ பயின்றவர், ஊர்மக்கள் கூடிப் பாடும் குழுவை வழிநடத்தியவர். நல்ல இசை சாதாரண மனிதரின் காசுக்கு எட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1921 ஈஸ்டர் அதிகாலை வழிபாட்டில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் இசைக்குழு இங்கே வாசித்தது. மறு ஆண்டு, 1922 ஜூலை 11 அன்று, ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் நடத்த, முறையான கோடைக்காலத் தொடர் தொடங்கியது. நுழைவுச்சீட்டு 25 சென்ட். நிலக்கடனை அடைப்பதற்காகக் கார்ட்டர் குழுவினர் சில்லறை சேர்க்கும் சிறு உண்டியல்களைக் கடைகளிலும் பொது இடங்களிலும் வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த காசும் நன்கொடைகளும் கடனை அடைத்தன. 1924இல் நிலம் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகத்துக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. இன்றும் அது பொதுச் சொத்துதான், நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பு பில்ஹார்மானிக் அமைப்பிடம் இருக்கிறது. ஆக, தங்கள் கேள்விக்கு நேரான விடை: தொடக்கத்தில் சில செல்வர்களின் பணம், அதன்பின் ஊராரின் சில்லறை, அதற்கும் பிறகுதான் அரசு.

கோயம்புத்தூர் வாசகர் (ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்): கூட்டைப் பலமுறை இடித்துக் கட்டினார்கள் என்று படித்தேன். ஒரு மேடைக்கூரையைச் சரியாகக் கட்டுவதில் அப்படி என்ன சிரமம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறோம் என்று சொன்னாலும் தவறில்லை.

மூடிய மண்டபத்தில் வயலினின் ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி நம் காதுக்கு வருகிறது. திறந்தவெளியில் அந்த ஒலியில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடுகிறது. கூட்டுக்கு இரண்டு வேலைகள்: மேலேயும் பின்னேயும் போகும் ஒலியைத் தடுத்துப் பார்வையாளர் பக்கம் திருப்புவது ஒன்று, மேடையில் உள்ள கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும்படி செய்வது மற்றொன்று. இரண்டாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நூறு பேர் உள்ள இசைக்குழுவில் இடது ஓரத்து வயலின்காரருக்கு வலது ஓரத்து வயலின் கேட்கவில்லை என்றால், என்னதான் கையசைத்தாலும் நடத்துநரால் அவர்களை ஒன்றுசேர்க்க முடியாது.

முதல் சில ஆண்டுகளில் கூடே கிடையாது. மர இருக்கைகள், மேடைக்கு மேல் ஒரு துணிப்பந்தல், அவ்வளவுதான். பள்ளத்தாக்கே ஒலியைத் தாங்கிக் கொடுத்தது. 1926இல் கூட்டம் பெருகவே, இருக்கைகளை நிரந்தரமாக்க நிலத்தை வெட்டிச் சமன் செய்தார்கள். நிலம் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்த இயற்கை ஒலிநயம் அந்த வேலையிலேயே குறைந்துபோயிற்று. அதே ஆண்டில் ‘அலைடு ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்ற கட்டடக் கலைஞர் குழு முதல் கூட்டைக் கட்டியது. அதில் பாய்மரக் கப்பல்களின் ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. ஒலியும் சரியில்லை, தோற்றமும் பிடிக்கவில்லை என்று ஓராண்டிலேயே அது அகற்றப்பட்டது.

1927இல் அந்தப் பொறுப்பு லாயிட் ரைட் என்பவரிடம் வந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன் இவர். ராபின் ஹுட் நாடகம் ஒன்றின் அரங்க அமைப்பில் மிஞ்சிய பலகைகளைக் கொண்டு, கூம்பு போன்ற கோணவடிவக் கூடு ஒன்றை மலிவாக எழுப்பினார். ஒலியைப் பொறுத்தவரை இந்த அரங்கு கண்ட கூடுகளிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் அதன் தோற்றம் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. பருவம் முடிந்ததும் அதையும் இடித்துவிட்டார்கள். காதுக்கு நல்லது கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் இசை அரங்கில் இடிக்கப்பட்டது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ரைட்டுக்கு 1928இல் மறுவாய்ப்பு கிடைத்தது, ஆனால் வளைவாகத்தான் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளைவுகளும், ஒலிக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் பலகைகளும் கொண்ட ஒரு கூட்டை அவர் அமைத்தார். பருவம் முடிந்ததும் பிரித்துச் சேமித்து வைத்து, அடுத்த கோடையில் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம் என்பது அவரது திட்டம். யாரும் பிரித்து வைக்கவில்லை. குளிர்கால மழையில் நனைந்து அது பாழாயிற்று. பொறியாளரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வடிவமைப்பில் பிழை இல்லாவிட்டாலும் பராமரிப்பு இல்லாவிட்டால் ஒரு கட்டுமானம் சாகும்.

1929இல் அதே அலைடு ஆர்க்கிடெக்ட்ஸ் குழு, ரைட்டின் வளைவுகளைப் பின்பற்றி, இரும்புச் சட்டத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகடுகளைப் போர்த்து நான்காவது கூட்டைக் கட்டியது. எடை 55 டன். உலகமே படங்களில் பார்த்துப் பழகிய, பல ஊர்களில் பார்த்து நகலெடுத்த வெள்ளை அரைவட்டம் இதுதான். ஒலியில் ரைட்டின் கூடுகளுக்கு அது ஈடாகவில்லை. உட்குழிந்த வளைவு, கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் ஒலியைச் சில இடங்களில் குவித்துவிடும். சிலருக்கு அளவுக்கு மீறிக் கேட்கும், சிலருக்கு ஒன்றும் கேட்காது. அந்தக் குறையை மறைக்க 1970களில் ஃபிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர், தூண் வார்க்கப் பயன்படும் பெரிய அட்டைக் குழாய்களைக் கூட்டுக்குள் நிறுத்தி ஒலியைச் சிதறடித்தார். 1980களின் தொடக்கத்தில் அவற்றுக்குப் பதிலாகக் கண்ணாடியிழை உருண்டைகளைத் தொங்கவிட்டார். மேடையின் மேல் பெரிய பந்துகள் மிதப்பதுபோல் இருக்கும் பழைய படங்கள் அந்தக் காலத்தவை.

2003இல் அந்தக் கூடு இடிக்கப்பட்டது. வரலாற்றுச் சின்னத்தை இடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், பயனில்லை. 2004இல் திறக்கப்பட்ட ஐந்தாவது கூடு, தோற்றத்தில் 1929 வளைவை நினைவூட்டினாலும் அதைவிடப் பெரியது. மேடைக்கு மேல் நீள்வட்ட வளையம் ஒன்று தொங்குகிறது, அது ஒலியைக் கலைஞர்கள் பக்கம் திருப்புகிறது. இடித்தது சரியா என்று கேட்டால், சரி என்பதே என் எண்ணம். பாதுகாத்திருக்க வேண்டியது 1927ஆம் ஆண்டின் கூட்டை; அதற்கு அப்போது யாரும் நீதிமன்றம் போகவில்லை.

யாழ்ப்பாணம் வாசகர்: மழை வந்தால் என்ன செய்வார்கள்?

கோடையில் அங்கே மழை பெய்வதே அபூர்வம். தென் கலிஃபோர்னியாவில் மழை குளிர்காலத்துக்கு உரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் ஏறக்குறைய வறண்டே இருக்கும், மாலையில் கடற்காற்று குளிர்ச்சி தரும். இந்தத் தட்பவெப்பம் இல்லாவிட்டால் கூரையில்லாத அரங்கை நம்பி ஒரு முழுநேர இசைக்குழுவின் கோடைத் தொழிலை அமைத்திருக்க முடியாது.

சென்னை வாசகர்: அங்கே ஏறிய பெரும் கலைஞர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நம் நாட்டவர் யாரேனும் உண்டா?

எல்லாரையும் எழுதினால் இதழ் போதாது. எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

1934இல் ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தை இங்கே நடத்தினார். அதற்காகக் கூட்டையே அப்புறப்படுத்திவிட்டு, மண்ணும் மரங்களும் கொண்டுவந்து மேடையைக் காடாக்கினார். தீவட்டி ஏந்தியவர்கள் குன்றின் மேலிருந்து ஊர்வலமாக இறங்கி வந்தார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த காலம் அது. ரைன்ஹார்ட்டைப் போலவே ஐரோப்பாவை விட்டு வெளியேறிய பல இசைவாணர்கள் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார்கள். பில்ஹார்மானிக்கின் தலைமையை 1933இல் ஏற்ற ஓட்டோ கிளெம்பெரர் அவர்களில் ஒருவர். ஓர் இளம் ஊரின் மேடைக்கு ஒரு பழைய கண்டத்தின் கலை வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1936 ஆகஸ்ட் 7 அன்று பாடகி லில்லி போன்ஸ் பாடியபோது 26,410 பேர் திரண்டார்கள். அந்த எண்ணிக்கையை இன்றுவரை எந்த நிகழ்ச்சியும் மிஞ்சவில்லை. ஒரு சாஸ்திரிய ஓபரா பாடகிக்கு வந்த கூட்டம் அது என்பதைக் கவனியுங்கள். 1943இல் ஃபிராங்க் சினாட்ரா அதே மேடையில் பாட வந்தபோது, மெல்லிசைக்காரருக்குச் செவ்விசை மேடையில் என்ன வேலை என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அந்த முணுமுணுப்பு நமக்கும் பழக்கமானதுதான்.

இந்தியர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பம்பாயில் பிறந்த ஜுபின் மேத்தா. 1962 முதல் 1978 வரை பில்ஹார்மானிக்கின் தலைமை நடத்துநராக இருந்தவர். 1977 நவம்பரில், கோடைப் பருவம் முடிந்த பிறகு, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இசையை அவர் இங்கே நடத்தினார். திரையிசையை ஒரு பெரும் இசைக்குழு கச்சேரியாக வாசிப்பது அப்போது அவ்வளவு வழக்கமில்லை. பின்னாளில் அதன் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் நிகழ்ச்சிகள் இந்த அரங்கின் ஆண்டுச் சடங்கு போலாகிவிட்டன. 1967 ஆகஸ்டில் ரவிசங்கரின் சிதார் இங்கே ஒலித்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் அன்று பார்வையாளர்களோடு அமர்ந்து கேட்டார். நம் ஏ.ஆர். ரஹ்மானும் இந்த மேடையில் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்.

திருச்சி வாசகர்: பீட்டில்ஸ் குழுவின் ஹாலிவுட் பவுல் இசைத்தட்டைக் கேட்டேன். பாட்டைவிட அலறல்தான் அதிகம். அரங்கின் குறையா, ஒலிப்பதிவின் குறையா?

இரண்டும் இல்லை, ரசிகர்களின் கைங்கரியம். 1964 ஆகஸ்ட் 23 அன்றும், 1965 ஆகஸ்ட் 29, 30 ஆகிய நாட்களிலும் அவர்கள் இங்கே பாடினார்கள். பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்காத அளவுக்கு இரைச்சல். இன்றைக்கு மேடையில் கலைஞர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் ஒலிபெருக்கி ஏற்பாடு அன்று அவர்களுக்கு இல்லை. வெளியிடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பதிவுகளை, அவர்களின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் செப்பனிட, 1977இல்தான் வெளியிட்டார்கள். பள்ளத்தாக்கு பாகுபாடு பார்ப்பதில்லை. மேடையின் ஒலியைச் சரிவுக்கு ஏற்றுவதுபோலவே சரிவின் அலறலை மேடைக்கு இறக்கியும் விட்டது.

சேலம் வாசகர்: இவ்வளவு புகழ்பெற்ற அரங்கு எப்போதாவது மூடப்பட்டதுண்டா?

1951இல் செலவு கைமீறிப்போய், பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே கதவடைத்தார்கள். செய்தித்தாள் குடும்பத்தைச் சேர்ந்த டாரத்தி சாண்ட்லர் ஓர் அவசரக் குழு அமைத்து நிதி திரட்டினார். கலைஞர்கள் பலர் ஊதியமின்றி மேடையேறினார்கள். அந்தக் கோடையிலேயே அரங்கு மீண்டும் திறந்தது. அந்த அனுபவத்தில் பணம் திரட்டும் கலையைக் கற்றுக்கொண்ட அவர், நகரின் நடுவே மூடிய இசை மண்டபம் ஒன்றையும் எழுப்பச் செய்தார். 1964இல் திறக்கப்பட்ட அது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதன்பின் கோடைப் பருவம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது 2020இல், கொரோனாவினால். 98 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

புதுச்சேரி வாசகர்: ஒலிபெருக்கி இல்லாமல் அங்கே இப்போது கேட்க முடியுமா?

முடியாது. 1922இல் முடிந்தது. அன்று கவெங்கா கணவாயில் அவ்வப்போது ஓடியது டிராம் வண்டி; அதிலேதான் மக்கள் கச்சேரிக்கும் வந்தார்கள். 1940 முதல் அதே கணவாய் வழியாக அதிவேக நெடுஞ்சாலை வந்தது, டிராம் 1952இல் நின்றது. அரங்குக்கு மிக அருகே வாகன இரைச்சல் ஓயாமல் கேட்கிறது, வானில் ஹெலிகாப்டர்கள் போகின்றன. இதற்கிடையே மென்மையான ஒரு வயலின் வரி நூறு மீட்டருக்கும் அப்பால் அமர்ந்தவரை எட்ட வேண்டும். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு விநாடி ஆகும். எனவே பின்வரிசைக்கான ஒலிபெருக்கிகளைச் சற்றே தாமதித்து ஒலிக்கச் செய்தால்தான் மேடையின் ஒலியோடு அது ஒத்துப்போகும். 2004க்குப் பிந்தைய மாற்றங்களில் பெரும் உழைப்பு இந்த ஒத்திசைவுக்குத்தான் போயிற்று. ஐந்து கூடுகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் பள்ளத்தாக்கின் காதைக் கெடுத்ததில் கூடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ள பங்கைவிட அந்தச் சாலையின் பங்கு அதிகம்.

தஞ்சாவூர் வாசகி: ஆகஸ்டில் மகன் வீட்டுக்குப் போகிறேன். அவசியம் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு வயது 68. என்னென்ன கவனிக்க வேண்டும், அம்மா?

மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது, காரை அரங்கின் வளாகத்தில் நிறுத்த வேண்டாம் என்று. அங்கே வண்டிகளை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள். முன்னால் உள்ளவர் வந்து எடுக்கும்வரை உங்கள் வண்டி நகராது. நகரின் பல இடங்களிலிருந்து கச்சேரிக்கென்று பேருந்துகள் விடுகிறார்கள், அதுவே வசதி. மலிவான மேல்வரிசை இருக்கைகளுக்கு ஏற்றம் அதிகம். முழங்கால் வலி இருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துக் கீழ்ப்பகுதியில் வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான இருக்கைகள் வெறும் மரப்பலகைகள், மெத்தை ஒன்று கையோடு இருக்கட்டும். பகலில் என்ன வெயில் அடித்தாலும் இரவு ஒன்பது மணிக்குமேல் குளிரும், சால்வையை மறக்க வேண்டாம். பில்ஹார்மானிக் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு வீட்டிலிருந்து உணவு கொண்டுபோக அனுமதி உண்டு. சீக்கிரம் போய், சாய்வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கச்சேரி கேட்பதுதான் டெய்சி டெல் காலத்திலிருந்து அங்குள்ள வழக்கம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.